நடுநரம்பு முறிந்த பத்து நாள் போர்

இதய வடிவினதும், இரு உள்ளங்கை அகலத்ததும், வலையெனப் பின்னிய நரம்புகளை மேனியெங்கும் கவசமாகப் பூண்டதுமாகிய பேரிலையே, நீ வாழ்க. உன் வெற்றியைச் சொல்லப் புகுமுன், அவையில் வீற்றிருந்தோரை முறைப்படி சொல்லிவிடுகிறேன்.

சமையலறைச் சன்னலோரம் ஏழிலை தாங்கிய தொட்டிச்செடி. அதற்கு எதிரே முக்காலியில், கையில் கத்தரிக்கோலோடு, குழாய் வேலை செய்யும் மருமகன். வாசலை அடைத்தபடி நாற்காலியில், பேருந்து நிலையத்தில் வண்டிகளுக்கு வழியும் நேரமும் குறித்துக் கொடுக்கும் அவர் மனைவி. மூலையில் மாமியாரின் சாய்வுநாற்காலி. அவர் மூத்த மகள் வீட்டுக்குப் போயிருந்தபடியால் அதில் ஒருவரும் இல்லை. ஆயினும் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டேதான் பேசினர்.

பன்னிரண்டாண்டாக ஒரு கரண்டியைக்கூட மருமகனை நம்பித் தராத அம்மாதரசி, புறப்படும் நாளில், "மாப்பிள்ளை, செடிய நீங்களே பாத்துக்குங்க. எத்தனை இலை இருக்குன்னு மாசக் கடைசியில கடுதாசி வரணும்" என்று முதன்முதலாக ஒன்றை ஒப்படைத்திருந்தார். அந்தோ, கடிதத்துக்குப் பத்தே நாள் இருக்கையில், தோளில் ஏணியும் இடையில் ஸ்பேனருமாக, மதங்கொண்ட களிறென வீடு புகுந்த அவ்வீரர் திரும்பிய ஒரு திருப்பில், ஸ்பேனரின் இரும்புத்தாடை பேரிலையின் நடுநரம்பைப் பாதியில் முறித்துவிட்டது.

"வெட்டிடுறேன். பழுத்து விழுந்துச்சுன்னு எழுதிடு" என்றார் மருமகன். "மெயின் லைனே போச்சு. இனி நுனிக்கு எங்கிருந்து தண்ணி ஏறும்? இருபது வருஷமா பாக்குற வேலை இது."

"பெரிய ரோட்டை மூடினா நான் எல்லா பஸ்ஸையும் ஷெட்டுலயா நிறுத்துறேன்? சந்து வழியா விடுறேன்ல" என்றாள் மனைவி. "பத்து நாள் பாப்போம். காஞ்சா, நான் உடைச்சேன்னு நானே எழுதுறேன். பிழைச்சா, நடந்ததை உங்க கையால நீங்க எழுதணும்."

ஆங்கே இலையினுள் மூண்டது பெரும்போர். வேரினின்று கிளம்பித் தண்டேறிக் காம்பேறி, நடுநரம்பாம் இராஜவீதியில் அணிவகுத்து வந்த நீர்ப்படை, முறிந்த இடத்தில் முட்டி நின்றது, நின்றதேயன்றிப் புறமுதுகிட்டதில்லை. பக்கநரம்புகளில் பிரிந்து, அவற்றினின்றும் மயிரிழை நரம்புகளில் நுழைந்து, விளிம்போரம் ஒன்றோடொன்று கைகோத்து நின்ற வளையங்களைச் சுற்றிவந்து, நுனிக்கோட்டையைப் பின்வாசல் வழியே எட்டி, முற்றுகையில் வாடிய பச்சைக் குடிகளுக்கெல்லாம் தாகம் தீர்த்தது. அக்குடிகள் வெயிலில் சமைத்த சர்க்கரையையோ, அருகோடும் வேறு குழல்கள் செடிக்குச் சுமந்து சென்றன.

மூன்றாம் நாள் நுனி சற்றே தலைசாய்த்தது. கத்தரிக்கோல் உறையினின்று எழுந்தது.

"பத்து நாள்னா பத்து நாள்" என்றது வாசல் நாற்காலி. கோல் தாழ்ந்தது.

பத்தாம் நாள் காலை, பச்சை குன்றாத அவ்விலையின் பின்னே டார்ச்சை அடித்த மருமகன், ஒளியில் விரிந்த வலையை விரலால் தொடர்ந்து தொடர்ந்து, வாய் பிளந்து நின்றார். "எங்க அடைச்சாலும் சுத்திக்கிட்டுப் போகுது பாரு. இப்படி லைன் போட்டவன் எவன்டா? இப்படி நான் போட்டிருந்தா தெருவுல பாதிப் பேருக்கு ஆயுசுக்கும் தண்ணி நின்னிருக்காது."

"பேனா அலமாரில இருக்கு" என்றாள் மனைவி.

ஆயிரம் குழாயை முறுக்கிய அக்கரம் பேனாவைப் பற்றியது. மூன்று தாள்கள் கசங்கி வீழ்ந்தபின், நான்காவது நின்றது: "அத்தைக்கு, இலை ஏழு. பெரிய இலையின் நடுநரம்பை ஸ்பேனரால் உடைத்தது நான். அது பிழைத்துக்கொண்டது. நீங்கள் வந்ததும் டார்ச் அடித்துக் காட்டுகிறேன்."

உறையின் நாவை நனைத்து மடித்து, திலகமென அஞ்சல்தலை சாத்தி, எண்டிசையும் மூச்சடக்கி நோக்க, தெருக்கோடியில் இருள்வாய் திறந்து காத்திருந்த தபால்பெட்டியுள், பன்னிரண்டாண்டு அச்சத்தையும் சேர்த்து அவர் அதைச் செலுத்தினார்.

அப்புறம் பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.