மாமனார் வயலில் கோதுமைக் காற்று

நெல்லைப் பற்றி எனக்கு முழுதாகத் தெரிந்தது ஒன்றுதான்: வேகவைத்தால் சோறாகும். இந்த அறிவை வைத்துக்கொண்டு ஒருவன் கதிர் அறுக்கும் மிசினில் கூட்டுச் சேரலாமா என்று கேட்டால், சேரக் கூடாது. நான் சேர்ந்தேன்.

அப்போது போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் இடம் ஒன்றில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டாளி என் மச்சான் பாண்டி, மனைவி செல்வியின் அண்ணன். போடிமெட்டு வழியாக எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டுகிறவர். கொண்டை ஊசி வளைவில் ஓட்டியவனுக்குச் சமதளத்தில் எதுவும் ஓடும் என்பது அவர் கட்சி. வடக்கே கோதுமை வயலில் ஓடிய பழைய மிசின் ஒன்று விலைக்கு வந்தது. வாங்கிவிட்டோம்.

மாமனாருக்கு இதில் துளியும் விருப்பமில்லை. "அறுப்புக்கு வெளியூர் மிசின் வருதுல்ல, நமக்கு எதுக்கு இந்தச் சோலி?" என்றார். ஆனாலும் சிலமலையில் இருக்கிற தன் வயலையே முதல் அறுப்புக்குக் கொடுத்தார். மகனும் மருமகனும் ஜோடியாக வந்து நின்றால் அவர்தான் என்ன செய்வார்? வருஷம் முழுக்க அந்த வீட்டுச் சோற்றுக்கான நெல் அங்கேதான் நின்றது. அக்கம்பக்கத்து வயல்காரர்களும் வேடிக்கை பார்க்க வருவார்கள். பேர் கிடைத்தால் அந்தப் பருவம் பூராவும் வேலை. கெட்டால், மிசினை மரத்தடியில் நிறுத்திவிட்டு மாமனார் வீட்டுப் பக்கம் தலைகாட்டாமல் இருக்க வேண்டியதுதான்.

அதனால் படிக்க ஆரம்பித்தேன், செல்போன் வீடியோவில். எல்லாம் இந்தி. கோதுமை வயலில் நின்ற ஒருவர் இந்த லிவரை இப்படித் தள்ளு, அந்தத் திருகை அப்படி முடுக்கு என்று காட்டினார். கடைசியில் தொட்டியிலிருந்து ஒரு கை கோதுமை அள்ளிக் காட்டினார். ஒரு தூசி இல்லை. மொழி புரியாவிட்டால் என்ன, கை புரிகிறதே என்று திருப்தியாக இருந்தேன். கோதுமை கனம், நெல் அதைவிட லேசு என்று அவரே சொல்லியிருந்தாலும் என் காதில் ஏறியிருக்காது.

விஷயம் சின்னதுதான். மிசினுக்குள் போகும் கதிரை ஓர் உருளை அடித்து மணியை உதிர்க்கும். உதிர்ந்தது சல்லடையில் விழும்போது ஒரு காற்றாடி ஊதி, பதரையும் தூசியையும் பின்பக்கமாக வெளியே தள்ளும். மணி மட்டும் தொட்டிக்குப் போகும். காற்றாடி என்றதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஏலக்காயில் நான் பார்க்காத காற்றா? அங்கே பறக்கிற காய் சொத்தை, நிற்கிற காய்தான் சரக்கு. நெல்லுக்கும் அதுதானே நியாயம்! (நெல்லுக்கு வாய் இருந்திருந்தால் அன்றைக்கே கெட்ட வார்த்தை சொல்லியிருக்கும்.)

அறுப்பன்று காலையில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, பாண்டி ஏறி உட்கார்ந்தார். நான் பக்கத்தில் தொற்றிக்கொண்டேன். முதல் சுற்று முடிந்து தொட்டியைப் பார்த்தால் நெல்லோடு கொஞ்சம் பதரும் வைக்கோல் துண்டும் கிடந்தன.

"மச்சான், காத்தக் கூட்டுவமா?"

"கூட்டுங்க மாப்ள. காத்துக்கா பஞ்சம்?"

கூட்டினேன். அடுத்த சுற்றில் இன்னும் சுத்தம். இன்னும் கூட்டினேன். கடைசியில் வீடியோக்காரர் கையில் பார்த்த அதே சுத்தம் வந்துவிட்டது. பக்கத்து வயல்காரர் ஒருவர் ஒரு கை அள்ளிப் பார்த்து அசந்துபோனார்.

"பொடைக்கவே வேணாம் போலயே! எங்க வயலுக்கு எப்ப வர்றீக?"

"பாத்துச் சொல்றேண்ணே," என்றேன், நாள் கிடைக்காமல் தவிப்பவன் மாதிரி.

தொட்டி நிறையத்தான் மாட்டேன் என்றது. மட்டமானதெல்லாம் கழிகிறது, அதனால்தான் என்று பாண்டிக்கு விளக்கம் வேறு கொடுத்தேன். "எங்கப்பா வெவசாயம் பாத்த லட்சணம், பூராம் கருக்கா, வெறும் பதரு," என்றார் அவர்.

அந்த நேரம் பார்த்து அத்தை, அதாவது மாமியார், மூடியில்லாத தூக்குவாளியில் டீ கொண்டுவந்தார். மிசினுக்குப் பின்னால் வந்தவர் சட்டென்று நின்று தலையைத் தடவினார். வாளிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு கையை வீசி என்னவோ கத்தினார். மிசின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மருமகன் உயரத்தில் நிற்கிற பூரிப்பு என்று நினைத்து நானும் கையை ஆட்டினேன். அவர் இரண்டு கையையும் ஆட்டினார். நானும் இரண்டு கையையும் ஆட்டினேன். பாண்டி தன் பங்குக்கு ஹாரன் அடித்தார்.

அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்து மிசினுக்கு முன்னால் நின்றுவிட்டார். பாண்டி பதறிப்போய் நிறுத்தினார்.

"என்னாத்தா இது, குறுக்க வந்து நிக்கிறே?"

"எறங்குடா வெரசா! மாப்ளே, நீங்களும் எறங்குங்க. இந்தக் கூத்தப் பாருங்க!"

வாளியைச் சாய்த்து டீயைக் கீழே ஊற்றினார். அடியில் ஒரு கை நெல் கிடந்தது.

"கருக்காயா இருந்தா மெதக்கும். இது முங்கிக் கெடக்கு. வீட்டுச் சோத்த வைக்கோலோட வீசிக்கிட்டுப் போறீகளே!"

பின்னால் போய் வைக்கோலைக் காலால் விலக்கினோம். எங்கே விலக்கினாலும் நெல். பாதி வயலுக்கு மேல் அறுத்தாகிவிட்டது. மாமனார் ஒரு கை அள்ளி ஊதிப் பார்த்தார். ஒன்றும் பறக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "காத்தக் கொறைங்க மாப்ளே," என்று மட்டும் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. (தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.) எங்கள் வயலுக்கு எப்போது வருகிறீர்கள் என்று கேட்டவரைத் திரும்பிப் பார்த்தேன். ஆளைக் காணோம்.

காற்றைக் குறைத்து மிச்சத்தை அறுத்தோம். சிதறியதை மறுநாள் வைக்கோலை உதறி எடுக்கலாம் என்று திட்டம். அன்று சாயங்காலமே மெட்டுப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்து மழை கொட்டியது. அப்புறம் நாலைந்து நாளுக்கு வயலில் கால் வைக்க முடியவில்லை.

மழை விட்டதும் அத்தனையும் முளைத்தது. சும்மா முளைக்கவில்லை, மிசின் போன தடத்திலேயே பட்டை பட்டையாக முளைத்தது. முதல் சுற்றில் அங்கொன்றும் இங்கொன்றும். நான் காற்றைக் கூட்டக் கூட்டப் பச்சை அடர்ந்துகொண்டே போனது. அத்தை குறுக்கே வந்து நின்ற இடத்தோடு சரி. எந்த இடத்தில் லிவரைத் தள்ளினேன் என்பதைப் பஸ்சில் போகிறவர்கள்கூடச் சொல்லலாம். சொன்னார்கள்.

அந்தப் பருவத்தில் எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை. மாமனார் வீட்டில் பாதி வருஷம் அரிசியைக் கடையில் வாங்கினார்கள். அங்கே சாப்பிட உட்கார்ந்தால் நான் மறுசோறு கேட்க மாட்டேன். கேட்காமலே அத்தை போடுவார். அது இன்னும் உறுத்தும்.

அடுத்த அறுப்புக்கும் மாமனார் வயலைக் கொடுத்தார், காற்றாடியைச் செல்விதான் பார்க்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. அவள் ஒரு பழைய போர்வையை எடுத்துக்கொண்டாள். ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை நான் பிடிக்க, மிசினுக்குப் பின்னால் நடந்தோம். போர்வையில் நெல் விழுந்தால் பாண்டிக்குக் கேட்க வேண்டுமே என்று மிசின் தகரத்தில் மண்ணாங்கட்டியை எறிவாள். அவர் நிறுத்துவார், அவள் ஏறிப்போய்க் காற்றைக் குறைப்பாள். இப்போது தேவாரம் ஊர் வரைக்கும் எங்களுக்கு வேலை இருக்கிறது. தகரம் முழுக்க நசுங்கலும் இருக்கிறது.

ஆனால் வருஷா வருஷம் அறுப்புக்கு முன்னால் வருகிற முதல் போன் ஓர் ஆட்டுக்காரருடையது. அன்று முளைத்த பட்டைகளைத் தன் செம்மறிகளை விட்டு மேய்த்துக்கொண்ட புண்ணியவான். மாமனார் வேண்டுமென்றே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போடுவார்.

"ஐயா, இந்த வருசம் காத்தாடி யாரு கையில? மருமகனா, மகளா?"

"மகதாம்ப்பா."

"அப்படிங்களா..." என்று அவர் இழுப்பார். அந்த இழுப்பில் இருக்கிற ஏக்கத்தைக் கேட்டு வீடே சிரிக்கும். "சரிங்கய்யா, அப்ப நான் ஆட்ட வேற பக்கம் ஓட்டிக்கிறேன்."