வேதமாணிக்கத்தின் காருக்கு ஏற்பட்ட மொழிப் பிரச்சினை

பாறசாலையில் கருப்பட்டி வியாபாரம் செய்துவந்த வேதமாணிக்கம் 1955-ம் வருஷம் ஒரு கார் வாங்கினார். அம்பூரிப் பக்கத்து ரப்பர் தோட்ட மானேஜர் ஒருவர் ஆறு வருஷம் ஓட்டி அலுத்துப்போய்க் கொடுத்த கார். வியாபாரத்துக்கு என்று ஊரில் சொன்னார். ஆனால் அதில் ஒரு கருப்பட்டிகூட ஏறியதில்லை. சீட்டில் பிசுக்கு ஒட்டிவிடும் என்று மனைவி ஆனந்தபாய் விடவில்லை. காரால் நடந்த ஒரே காரியம், மகள் சத்தியபாயின் சம்பந்தம். காஞ்சிரங்குளத்து மாப்பிள்ளை வீட்டார் "கார் உள்ள வீடாக்கும்" என்று கேள்விப்பட்டதும், அதுவரை பெண்ணிடம் கண்டுபிடித்திருந்த நான்கு குறைகளையும் வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். தை மாதம் கல்யாணம் என்று முடிவாயிற்று. பெண் காரில்தான் வந்து இறங்கவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

அந்த நாளில் எங்கள் ஊரில் எல்லைப் போராட்டம் சூடாக இருந்தது. தாலுகா தமிழோடு போகவேண்டும் என்பவர்கள் செல்லசாமியின் சாயாக்கடையில் கூடுவார்கள். மலையாளத்தோடேயே இருக்கவேண்டும் என்பவர்கள் எதிரே சோமனின் தையல்கடையில் கூடுவார்கள். இரண்டுக்கும் நடுவே ரோட்டில் வேதமாணிக்கத்தின் கார் போகும். அவருக்கு எந்தக் கட்சியும் கிடையாது. பெட்ரோல் விலை ஏறுவதைக் கவனிக்கவே நேரம் சரியாக இருந்தது.

முதலில் சிக்கன நடவடிக்கையாக, இறக்கம் வந்தால் எஞ்சினை நிறுத்துவது என்று தீர்மானமாயிற்று. நெய்யாற்றின்கரை வரைக்கும் ஏழு இறக்கம் இருப்பதாக டிரைவர் வேலாயுதன் எண்ணிச் சொன்னான். ஏழிலும் நிறுத்தினார்கள். அடுத்தபடியாக, இறக்கம் நிறைய உள்ள ஊர்களுக்கு மட்டுமே போவது என்று வைத்துக்கொண்டார்கள். திரும்பி வரும்போது அத்தனையும் ஏற்றமாகிவிடுகிறது என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரியவந்தது.

"மொதலாளி, எனக்க அண்ணனுக்கு ரெண்டு காளை உண்டு" என்றான் வேலாயுதன். "சும்மா நிக்குவு."

"அதுக்கு நான் என்னலே செய்ய?"

"காருக்கு முன்னால கெட்டுவோம். வைக்கோல் போட்டா போதும். பெட்ரோல் வேண்டாம்."

ஆனந்தபாய் உள்ளேயிருந்து கேட்டாள். "ஹாரன் அடிக்குமா?"

"ரப்பர் உருண்டையில்லா அம்மா. அமுக்கினா அடிக்கும்."

"அப்பக் கொள்ளாம்" என்றாள் ஆனந்தபாய்.

காளை பூட்டியதும் குடும்பத்தின் மதிப்பு கூடியது. முன்பெல்லாம் கார் போனால் புழுதிதான் தெரியும். இப்போது ஆனந்தபாய் கட்டியிருந்த சேலையின் கரைகூடத் தெரிந்தது. இரண்டு மாதத்துக்குள் ஒரு டாக்டரும் ஒரு முந்திரி முதலாளியும் தங்கள் கார்களுக்குக் காளை பூட்டினார்கள். கார் இல்லாதவர்கள் மாட்டுவண்டியில் ஹாரன் மாட்டினார்கள். காளையும் இல்லாத சிலர் ஹாரனை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நடந்துபோனார்கள்.

இப்படி இருக்கையில் உதியன்குளங்கரையில் வைத்து வாகன இன்ஸ்பெக்டர் ஜெயச்சந்திரன் காரை மறித்தார்.

"எந்தா இது? காறோ வண்டியோ?"

"காராக்கும் சார்" என்றார் வேதமாணிக்கம்.

"அப்ப மோட்டார் வரி கெட்டணும்."

"பெட்ரோல் ஊத்தல்லியே சார். காளையில்லா இழுக்குது?"

"அப்ப வண்டி வரி கெட்டணும். வண்டின்னா அடியில ராந்தல் தொங்கணும். ராந்தல் எவிடே?"

"முன்னால ரெண்டு லைட்டு உண்டு சார்."

"அது கார் லைட்டு. வண்டியில கார் லைட்டு வைக்கான் பாடில்லா. அதுக்கு அபராதம்."

"அப்ப இது கார்னே வச்சுக்கிடுங்க."

"கார்னா முன்னால ரெண்டு மிருகம் நின்னு வழி மறிக்குது. அதுக்கும் அபராதம் உண்டு."

மேற்படி வாகனம் இன்னதென்று முப்பது நாளுக்குள் எழுத்துமூலம் நிரூபிக்கவேண்டும், தவறினால் பறிமுதல் செய்யப்படும் என்று நோட்டீஸ் கொடுத்தார். கல்யாணத்துக்கு இருந்தது நாற்பது நாள். அன்றிரவு ஆனந்தபாய் சாப்பிடவில்லை. சத்தியபாய் மாப்பிள்ளையின் போட்டோவை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்பவும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

வேதமாணிக்கம் வாகன ஆபீஸுக்குத் தமிழில் மனு எழுதினார். மனு விளங்காத காரணத்தால் நிராகரிக்கப்படுகிறது என்று இங்கிலீஷில் பதில் வந்தது. அது விளங்காததால் அவர் அதைச் செல்லசாமியிடம் கொண்டுபோனார்.

சாயாக்கடை கொதித்தது. தமிழ்க் காருக்கு நீதி வேண்டும் என்று மறுநாளே ஊர்வலம் போயிற்று. சோமன் அளவெடுப்பதைப் பாதியில் விட்டுவிட்டு, காளைகள் ஒற்றசேகரமங்கலம் சந்தையில் வாங்கியவை, மலையாளமல்லாமல் ஒன்றும் அறியாதவை என்று அறிக்கை விட்டார். செல்லசாமியோ, வாங்கியது எங்கேயானாலும் தின்பது பாறசாலைப் புல் என்று பதில் அறிக்கை விட்டார். ஆபீஸ் இதைத் தீவிரமாகப் பரிசீலித்தது. காளைகளின் மொழி தெரிந்தால் வண்டியின் மொழி தெரியும், அது தெரிந்தால் மனுவை எந்த மொழியில் வாங்குவது என்று தெரியும், மனுவை வாங்கினால் அது காரா வண்டியா என்று யோசிக்கத் தொடங்கலாம் என்று முடிவுசெய்தது. விசாரணை அதிகாரியாக ஜெயச்சந்திரனே நியமிக்கப்பட்டார். காளைகளோடு முன் பரிச்சயம் உள்ள உத்தியோகஸ்தர் அவர் ஒருவர்தான்.

பள்ளிக்கூட மைதானத்தில் விசாரணை நடந்தது. ஜெயச்சந்திரன் ஜீப்பில் வந்தார்.

செல்லசாமி காளைகளுக்கு முன்னால் நின்று துண்டைச் சரிசெய்துகொண்டார். "காளைகளே, முன்னேறிச் செல்லுங்கள்" என்றார். காளைகள் நின்றன.

சோமன் வந்தார். "காளகளே, முன்னோட்டு போகுவின்" என்றார். இடது காளை காதை அசைத்தது. தையல்கடைக்காரர்கள் கைதட்டினார்கள்.

"அது ஈக்கு அசைச்சது" என்றார் செல்லசாமி.

"ஈ மலையாளம் பறஞ்சோ?" என்று கேட்டார் சோமன்.

பின்னால் நின்ற வேலாயுதன் பொறுக்கமாட்டாமல் நாக்கை மடக்கி ஒரு சத்தம் கொடுத்து வாலை முறுக்கினான். காளைகள் காரோடு கொடிமரத்தை இரண்டு சுற்றுச் சுற்றின.

ஜெயச்சந்திரன் பாரத்தில் எழுதினார். 'தாய்மொழி: இதரம்.'

எதிராளியின் மொழி இல்லை என்றானதில் இரண்டு கட்சிக்கும் திருப்தி. வேதமாணிக்கம் மட்டும், "சார், எனக்க கார் விஷயம்?" என்று கேட்டார். உத்தரவு தபாலில் வரும் என்றார் அதிகாரி.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கையில் உத்தரவு வந்தது. விசாரணைக்காக ஜீப் ஓடியதில் பன்னிரண்டு கேலன் பெட்ரோல் செலவாகியிருப்பது கவலையுடன் கவனிக்கப்பட்டது. காளைகள் வைக்கோலில் ஓடுவது அதிகாரியால் நேரில் பார்த்து உறுதிசெய்யப்பட்டது. ஆகவே பொதுநலன் கருதி மேற்படி காளைகள் ஆபீஸ் ஜீப்பை இழுப்பதற்காக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. காளை இல்லாத காரைப் பற்றிச் சந்தேகம் எழாததால் ஃபைல் முடிக்கப்படுகிறது. வேறு யார் சொன்னாலும் காளைகள் நகராததால் வேலாயுதனும் சர்க்கார் உத்தியோகஸ்தனாகிப் போய்விட்டான்.

அப்போது பெட்ரோலுக்குத் தட்டுப்பாடும் வந்திருந்தது. கூடின விலைக்கும் கிடைக்கவில்லை. வேதமாணிக்கம் சாயாக்கடைக்கு வந்து ஒரு சாயா சொன்னார். வந்த சாயாவைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எத்தனை மைல் வரும், காஞ்சிரங்குளம்?" என்று கேட்டார் செல்லசாமி.

"பத்து."

"நாங்க தள்ளுவோம். நீரு சாயாவைக் குடியும்."

கல்யாணத்தன்று விடிந்ததும் செல்லசாமியின் ஆட்கள் காருக்குப் பின்னால் வந்து நின்றார்கள். எதிர்க்கடையிலிருந்து சோமன் தன் ஆட்களோடு வந்தார். "எங்களுக்க ரோட்டுல நீங்க மட்டும் தள்ளினா எப்படி?" என்றார். இடது பக்கம் தமிழ், வலது பக்கம் மலையாளம் என்று உடன்பாடாயிற்று. ஒரு பக்கத்துக்கு மற்றப் பக்கம் விட்டுக்கொடுக்காமல் தள்ளியதில், எஞ்சின் ஓடிய காலத்திலும் போகாத வேகத்தில் கார் போயிற்று. இறக்கத்தில் எல்லாரும் தொத்திக்கொண்டார்கள். கல்யாணம் நடக்கும் சபைக்கோயிலுக்கு அரைமணி நேரம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. சத்தியபாய் சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

மாப்பிள்ளையின் அப்பா காரைச் சுற்றிவந்து முகர்ந்து பார்த்தார். "பெட்ரோல் மணமே இல்லியே."

"விலை கூடின பெட்ரோலாக்கும் அது. மணக்காது" என்றார் வேதமாணிக்கம்.

மாப்பிள்ளையின் அப்பா பெரிய இடத்துச் சம்பந்தம் கிடைத்ததாகத் தலையாட்டினார். கல்யாணம் நன்றாக நடந்தது.

எல்லாக் காரும் காளையில் ஓடியதால் மாசி மாதம் வைக்கோல் விலை ஏறிவிட்டது. ஜீப்பை இழுக்கும் காளைகளுக்காக வீட்டுக்கு மாதம் இரண்டணா தீவன வரி என்று அறிவிப்பு வந்தது. காரும் இல்லாத, காளையும் இல்லாத, ஜீப்பைக் கண்ணாலேயே காணாத வீடுகளுக்கும் வரி உண்டு.

இதை எதிர்த்து இரண்டு கட்சியும் முதல்முறையாக ஒன்றுசேர்ந்து சாயாக்கடையில் கூட்டம் போட்டோம். நானும் பேசினேன். தீவன வரி ரசீது இங்கிலீஷில் இருப்பது எங்கள் மானத்துக்கு விடப்பட்ட சவால், அவரவர் தாய்மொழியில் ரசீது தரும் வரைக்கும் ஓயமாட்டோம் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பினோம்.

எட்டாம் நாளே பதில் வந்தது. எந்த ஆபீஸும் எங்களுக்கு அவ்வளவு சீக்கிரம் பதில் போட்டதில்லை. கோரிக்கை நியாயமானது. இனிமேல் எல்லா வீட்டுக்கும் தமிழில் ஒரு ரசீதும் மலையாளத்தில் ஒரு ரசீதும் தனித்தனியே வழங்கப்படும். ரசீது ஒன்றுக்கு வரி இரண்டணா.

அன்று சாயாக்கடை வாசலிலும் தையல்கடை வாசலிலும் வெடி போட்டோம். மறுநாள் காலையில் வரிசையில் நின்று, நாலணா கொடுத்து, இரண்டு ரசீதையும் வாங்கி, எதில் எழுத்து பெரிதாக இருக்கிறது என்று சோமனின் டேப்பால் அளந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.