வாலாஜாவுக்குப் போன கேட் கீப்பர்

பெண்ணின் அப்பாவை முதல் முறையாகப் பார்க்கப் போகிறவன் ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனால் போதும். கூடவே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. நான் ஆப்பிள் வாங்கவில்லை. ஒரு ரயில் பாதையைக் கட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. திருவொற்றியூர்க் குப்பத்துக்காரன். அப்பாவும் சித்தப்பாவும் கடலுக்குப் போக, எனக்கு மட்டும் படகில் ஏறினாலே குமட்டும் என்பதால் எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கணினி முன்னால் உட்கார வைத்தார்கள். அங்கே பக்கத்து மேசை மெர்சி. ராயபுரத்துப் பெண். நான் வெள்ளிக்கிழமை விபூதி பூசுகிற ஆள், அவள் ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாத ஆள். எங்கள் வீட்டில் அம்மா ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு அப்புறம் ஒத்துக்கொண்டாள். மீதி இருந்தது மெர்சியின் அப்பா அந்தோணிசாமி. லெவல் கிராஸிங் கேட் கீப்பராக இருந்து ரிட்டயரானவர்.

அவர் மகளிடம் சொன்னது ஒரே வாக்கியம். "ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் வரச்சொல்லு, ஆளப் பாத்துட்டு சொல்றேன்."

மெர்சியும் என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "எங்க டாடி வேணாம்னா வேணாந்தான். ஓடிப்போற கதையெல்லாம் எனக்கு ஆவாது." ஆக, எனக்கு இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

இப்போது நான் கணினியில் ஆடும் ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டை கட்டையாக அடுக்கி வீடு, மலை, ஊர் என்று எதை வேண்டுமானாலும் கட்டலாம். பத்து வயதுப் பிள்ளைகள் விளையாடுவது. நான் எட்டு மாதமாக அதில் ராயபுரம் ஸ்டேஷனைக் கட்டிக்கொண்டிருந்தேன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய ஸ்டேஷன். அதிலிருந்து அந்தக் காலத்தில் வாலாஜா வரை போன பாதை முழுவதும். முகப்புத் தூண்களை எண்ணுவதற்காக நேரிலேயே போனேன். விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தவனை ஒரு போலீஸ்காரர் கூப்பிட்டு, "இன்னா எண்ணிக்கினு கீற?" என்றார். "தூண் சார்" என்றேன். "எண்ணிட்டியா, கெளம்பு" என்றார். (பாதியில் கூப்பிட்டதால் கணக்கு விட்டுப்போய், அடுத்த வாரம் மறுபடி போனேன். நல்லவேளை, வேறு போலீஸ்காரர்.)

மெர்சி வீட்டுக்குப் போவது முடிவானதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை வரும்போதே என்னை யாராவது தலையில் தட்டியிருக்கலாம். மாமனாராகப் போகிறவருக்கு மரியாதை செய்ய, அவர் வேலை பார்த்த கேட்டையும் அந்தப் பாதையில் வைத்தேன். உண்மையில் அந்த கேட் திருவொற்றியூர் பக்கம், வேறு லைன். வரலாற்றைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டேன். கேட் பக்கத்தில் ஒரு ரூம் கட்டி, விளையாட்டில் கிடைக்கும் மனிதப் பொம்மைகளில் ஒன்றை நிறுத்தி, அதன் தலைக்கு மேல் 'அந்தோணிசாமி' என்று பெயரும் எழுதினேன். பொம்மைக்குப் பெரிய மூக்கு. அது என் குற்றமில்லை, எல்லாப் பொம்மைக்கும் அப்படித்தான் இருக்கும்.

ரயில் வரும்போது கேட் கீப்பர் உள்ளே உட்கார்ந்திருக்கக் கூடாது, வெளியே நின்று கொடி காட்ட வேண்டும் என்று மெர்சி சொல்லியிருந்தாள். ஆகவே பொம்மையைத் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே நிற்க வைத்தேன். என்ன ஒரு நுணுக்கம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த ஞாயிறு, பூசை முடிந்த வெள்ளைச் சட்டையோடு அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெர்சியின் அம்மா ரீட்டா ஆன்ட்டி அடுப்படியில் வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தார். நான் லேப்டாப்பை டிவியில் இணைத்தேன். ராயபுரம் ஸ்டேஷன் திரையில் வந்ததும் அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"தூணு கரீட்டா கீது" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்து அவருடைய கேட்டைக் காட்டினேன்.

"இது என் கேட்டு. இங்க எப்டி வந்துச்சு?"

"உங்களுக்காக மாத்தி வெச்சேன் அங்கிள்."

"கவர்மென்ட்டு கேட்ட உன் இஷ்டத்துக்கு நவுத்துவியா?" என்றார். ஆனால் முகத்தில் ஒரு திருப்தி. அடுப்படியிலிருந்து ரீட்டா ஆன்ட்டியும் கரண்டியோடு வந்து, "அய்ய, மூக்கு கூட உங்க மாரியே கீதுங்க" என்றார். மெர்சி எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி சிரித்தாள். அத்தோடு லேப்டாப்பை மூடியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

ரயிலை ஓட விட்டேன். விளையாட்டில் ரயில் என்றால் மூன்று பெட்டிகள், ஒன்றன் பின் ஒன்றாகத் தனித்தனியாக ஓடும். முதல் இரண்டில் பயணிகளை ஏற்றியிருந்தேன். மூன்றாவதை ஏற்ற மறந்துவிட்டேன். அந்த விளையாட்டில் ஒரு விதி உண்டு. காலியாக ஓடும் பெட்டி, வழியில் யார் மேல் பட்டாலும் அவரை அப்படியே அள்ளி உள்ளே உட்கார வைத்துக்கொண்டு போய்விடும். எட்டு மாதம் விளையாடியவனுக்கு அது தெரியும். அன்றைக்கு மட்டும் தெரியவில்லை.

முதல் பெட்டி போயிற்று. இரண்டாவது போயிற்று. மூன்றாவது, கேட் அருகே நின்றிருந்த அந்தோணிசாமியை அள்ளிக்கொண்டு வாலாஜா நோக்கிப் போயிற்று. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு, ஒரு கவலையும் இல்லாமல், தலைக்கு மேல் பெயரோடு போனார். பின்னால் ஆளில்லாத கேட் திறந்தே கிடந்தது.

மெர்சி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்தாள். ரீட்டா ஆன்ட்டி அடக்கவில்லை, வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

"பாத்தியாடி மெர்சி. பொம்மையாச்சும் கேட்ட வுட்டுக் கெளம்பிச்சி. மன்சன் கெளம்பல."

சொல்லி முடித்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அடுப்பில் மீன் மட்டும் பொரிந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மெர்சி என் காதில் சொன்னாள். அவள் பிறந்த அன்று காலையில் அம்மாவுக்கு வலி கண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். கேட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் அடுத்த டூட்டிக்கு வந்து அப்பாவை விடுவிக்க வேண்டிய ஆள், அதாவது ரிலீவர், வரவில்லை. ரிலீவர் வந்து கையெழுத்துப் போட்டு சார்ஜ் எடுக்காமல் கேட்டை விட்டு ஓர் அடி நகரக் கூடாது என்பது வேலையின் சட்டம். அப்பா நகரவில்லை. சாயந்திரம் ரிலீவர் வந்த பிறகு, பச்சைக் கொடியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். அதற்குள் மெர்சி பிறந்து, பால் குடித்து, தூங்கியும்விட்டாள். அந்தக் கதையை அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. வெளியாள் நான் வந்து பெரிய டிவியில் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

கல்யாணம் முடிந்தது என்று நினைத்தேன். முடிந்தது என்றால், நடக்காமலே முடிந்தது.

அந்தோணிசாமி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சர்வீஸ்ல ஒரு நாளு கூட நான் கேட்ட வுட்டுப் போனதில்ல" என்றார். "அந்த ஆளக் கூட்டிக்கினு வா."

எனக்குப் பதற்றத்தில் ஒரு குறுக்குவழி தோன்றியது. ஒரு பொத்தானை அழுத்தி, புதுப் பொம்மை ஒன்றை கேட்டில் நிறுத்தினேன். "இதோ வந்துட்டீங்க அங்கிள்."

"அது நான் இல்ல" என்றார். "நான் அங்க வண்டில போய்க்கினு கீறேன்."

புதியவரை அழித்துவிட்டு, விளையாட்டுக்குள்ளேயே பாதையின் கடைசிக்குப் பறந்து போனேன். வாலாஜாவில் பெட்டி முட்டி நின்றிருந்தது. திருப்பி ஒரு தள்ளு தள்ளினால் தானாக ஓடி வந்துவிடும். தள்ளப் போனேன்.

"இன்ஜின் இல்லாத வண்டி, எதிர் லைன்ல, அந்த வேகத்துல வருமா? நடந்து தள்ளிக்கினு வா."

எட்டு மாதம் கட்டிய பாதை அது. ஒவ்வொரு மைலும் என் தலையெழுத்து. தள்ளினேன். வழியில் அழகுக்காக நான் வைத்த கேட் ஒவ்வொன்றிலும், "மூடிக்கீதா பாரு" என்றார். மூடினேன், தள்ளினேன், திறந்தேன். ரீட்டா ஆன்ட்டி இரண்டு முறை வந்து பார்த்தார். "பொம்மைக்காவ சோறு ஆறுது" என்றார். யாரும் எழவில்லை. எனக்குப் பசியில் காது அடைத்தது. அரக்கோணத்தில் பேசாமல் எழுந்து ஓடிவிடலாமா என்று நினைத்தேன். மெர்சி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். தள்ளினேன்.

மணி மூன்றுக்கு அந்தோணிசாமி தன் கேட்டுக்குத் திரும்பினார். நான் கேட்டை மூடினேன். பெருமூச்சு விட்டேன்.

"ரிலீவர் யாரு?" என்றார் அவர்.

"அங்கிள்?"

"எத்தினி நேரம் அந்த ஆளே நிப்பான்? ரிலீவர் யாருன்னு கேக்கறேன்."

எனக்கு அதற்கு மேல் யோசிக்கத் தெம்பில்லை. "நான் நிக்கிறேன் அங்கிள்" என்றேன். விளையாட்டுக்குள் என் உருவத்தை நடத்திக்கொண்டு போய் கேட்டில் நிறுத்தினேன்.

"எழுது."

அந்த விளையாட்டில் எழுதுவதற்கு ஒரு புத்தகமும் உண்டு. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கேட் நல்ல நிலையில் இருக்கிறது, கொடிகள் இரண்டு, விளக்கு ஒன்று, சார்ஜ் எடுத்துக்கொண்டேன். கீழே என் பெயர். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். பிறகு அடுப்படி வாசலில் நின்றிருந்த மனைவியைப் பார்க்காமல், என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"இப்ப அந்த ஆள ஆஸ்பத்திரிக்கி அனுப்பு."

"ஆஸ்பத்திரி கட்டலியே அங்கிள்."

"கட்டு."

கட்டினேன். என் வாழ்க்கையிலேயே மோசமான கட்டடம் அது. நாலு வெள்ளைச் சுவர், ஒரு கதவு, கட்டில் ஒன்று. கூரை போடக்கூட நேரமில்லை. கேட்டிலிருந்து அங்கே வரை தண்டவாளம் போட்டு, அந்தோணிசாமியைப் பெட்டியில் ஏற்றி அனுப்பினேன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு போய், கட்டில் பக்கத்தில் நின்றார்.

ரீட்டா ஆன்ட்டி திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "இந்தப் புத்தி அன்னிக்கே வந்திருந்தா இன்னா" என்றார். ஆனால் அதைச் சொன்ன குரல் வேறு. பிறகு, "கைய கழுவினு வாங்க ரெண்டு பேரும்" என்றார். அந்தோணிசாமி எழுந்து, என் தோளைத் தொட்டு, "வா ரிலீவர்" என்றார். ஆறிப்போன குழம்பும் தோல் மாதிரி இறுகிப்போன வஞ்சிரமும் சாப்பிட்டோம். அவர் சம்மதம் என்று தனியாக எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது துண்டு மீனை என் தட்டில் வைத்தார், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்குப் பெயர் ரிலீவர். சொந்தக்காரர்களுக்கு என் நிஜப்பெயர் தெரியாது. கல்யாணப் பந்தலில் ஒரு பெரியப்பா, "மாப்ள எந்த கேட்டுல வேல?" என்று கேட்டார்.

எங்கள் மகள் பிறந்த அன்று மெர்சிக்கு விடியும்போதே வலி எடுத்தது. நான் இரவு ஷிப்டில் இருந்தேன். போன் வந்ததும் கிளம்பினேன். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றிருந்தன. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல், பைக்கை ஓரத்தில் போட்டுவிட்டுப் பாதித் தூரம் ஓடினேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

வார்டு கதவருகே மாமனார் நின்றிருந்தார். விடியற்காலையிலிருந்து அதே இடம். நர்ஸ் மூன்று முறை நாற்காலி போட்டும் உட்காரவில்லை, டீக்குக்கூட நகரவில்லை என்று ரீட்டா ஆன்ட்டி, இப்போது என் அத்தை, சொன்னார். கையில் துணியில் சுற்றிய பிள்ளை. என்னைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சார்ஜ் எடுத்துக்க" என்று பிள்ளையை என் கையில் வைத்தார். "ரிலீவர் லேட்டு."

ரிலீவர் லேட்டான இந்தக் கதையை அத்தை எல்லா விசேஷத்திலும் சொல்கிறார். சொல்லும்போது மாமனாரைப் பார்த்துத்தான் சொல்கிறார், என்னைப் பார்த்து இல்லை.