மண்டபத்துச் சுவரும் என் தலைவர் பதவியும்

உத்திரமேரூர்
10-2-1980

புள்ளலூரில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் வீராசாமி அவர்களுக்கு, சின்னராசு தன் கையாலேயே எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை முனியம்மாளும் மாடுகளும் நலம். அங்கேயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். நலமா என்று கேட்டால் கேள்விக்குறி போட வேண்டும், அது எனக்கு இன்னும் சரியாக வளையவில்லை.

நான் முதியோர் வகுப்பில் சேர்ந்தபோது சிரித்தீர்களே, இப்போது நான் வகுப்புத் தலைவர். வகுப்பு நடப்பது பெருமாள் கோயில் மண்டபத்தில். ஊர்ச்சபை கூடுவதற்கென்றே கட்டியதாம். உயரமான கருங்கல் அடித்தளம், சுற்றிலும் எழுத்து. ஆயிரம் வருஷத்துக்கு முன் ஊரை முப்பது பகுதியாகப் பிரித்து, குடத்தில் ஓலை குலுக்கிச் சபைக்கு ஆள் எடுத்த விதத்தை அதில் வெட்டியிருக்கிறார்கள். நான் இத்தனை காலமும் அதில் முதுகைத்தான் சொறிந்துகொண்டிருந்தேன். வருகிற ஞாயிறு கலெக்டர் வருகிறார், மண்டபத்தின் வரலாற்றை அவர் முன்னால் படிக்கப்போவது வகுப்புத் தலைவர். அந்த ஆசையில் எனக்குச் சோறே இறங்கவில்லை மச்சான். பவளம் டீச்சர் ஆளுக்கொரு ஓலை நறுக்குக் கொடுத்து, யார் தலைவராக வேண்டுமோ அவர் பெயரை ஆணியால் கீறிக் குடத்தில் போடச் சொன்னார். எண்ணிப் பார்த்தால் எல்லாருக்கும் ஒரே ஒரு ஓட்டு.

"இன்னா இது, அவங்கவங்க பேரையே எழுதிக்கினு கீறீங்க?" என்றார் டீச்சர்.

"வேற பேரு எழுத நீ எங்கம்மா சொல்லிக் குடுத்த?" என்றான் கூடப் படிக்கும் பஞ்சாட்சரம்.

எனக்கு எல்லாப் பெயரும் எழுத வரும். இருந்தாலும் கை பழகின வழியிலேயே போய்விட்டது. டீச்சர் சிரித்துவிட்டு, "செவுத்துல எழுதிக்கீற மாதிரியே செஞ்சிடலாம்" என்று ஓலைகளை மறுபடி குடத்தில் போட்டுக் குலுக்கி, தன் இடுப்பிலிருந்த குழந்தையை எடுக்க வைத்தார். அது ஒன்றை எடுத்து நேரே வாயில் வைத்துக்கொண்டது. பிடுங்கிப் பார்த்தால் என் பெயர்!

"கொயந்தைக்குப் பசி, அதுக்கு இன்னா தெரியும்" என்று பஞ்சாட்சரம் முணுமுணுத்தான்.

ஞாயிறன்று நீங்கள் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார வேண்டும். இவர்தான் என் மச்சான் என்று கலெக்டருக்குக் காட்டுவேன். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. உங்கள் ஏரியும் களமும் நிறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
சின்னராசு, வகுப்புத் தலைவர்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் பஞ்சாட்சரம் கெடுத்துவிட்டான். சுவரிலுள்ள மற்ற விதிகளையும் டீச்சரைப் படிக்க வைத்தான். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக் கூடாதாம், அவன் தங்கை புருஷன் பெயரையும் போடக் கூடாதாம். "புள்ளலூரு திருவிழா வசூலுக்கு உன் மச்சான் இன்னும் கணக்கு காட்டல இல்ல? உனக்குன்னு அப்பவே கல்லுல வெட்டி வெச்சிகீறாங்கய்யா!" என்கிறான். ஆகையால் சனிக்கிழமைக்குள் ஊரார் முன் கணக்கைக் காட்டிவிடவும். முடியாவிட்டால் இங்கே வர வேண்டாம். ஞாயிறு ஒரு நாளைக்கு மட்டும் நீங்கள் எனக்கு மச்சான் இல்லை. முனியம்மாளும் சரி என்று சொல்லிவிட்டாள்.