இன்வேர்டு சொன்னால் உள்ளேதான்

அன்று மாலை நாலு மணி நாற்பது நிமிடத்துக்கு என் மகளைக் காணவில்லை. இவ்வளவு துல்லியமாக நேரம் சொல்ல எனக்கு வராது. அடுப்பில் வைத்த பாலையே மறப்பவள் நான். நேரத்தை எழுதி வைத்தவர் இன்வேர்டு. தமிழ்த் தொலைக்காட்சியில் இன்றைக்கு முகம் காட்டும் அத்தனை பேரிலும் நடிக்கத் தெரியாத ஒரே மனிதர் அவர்தான் என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். நடந்து மூன்று வாரம் ஆகிறது.  முதலில் அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

நட்டு போல்ட்டு செய்யும் ஒரு சின்னக் கம்பெனியின் ஆபீஸில் நடக்கும் நகைச்சுவைத் தொடருக்கு நான் வசனம் எழுதுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் மூடிக்கிடந்த ஒரு பழைய ஷெட்டை வாடகைக்கு எடுத்து, உள்ளே பிளைவுட்டில் ஆபீஸ் கட்டிப் படம்பிடிக்கிறோம். ஷெட்டின் சொந்தக்காரர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: கேட்டில் இருப்பவரை மாற்றக்கூடாது. ஷெட் உண்மையிலேயே தொழிற்சாலையாக இருந்த காலத்திலிருந்து இன்வேர்டுதான் கேட் காவல். முதலாளி போனார், மெஷின்கள் போயின, இவர் மட்டும் போகவில்லை. இவருக்கு யாரும் 'அவுட்' போடவில்லை என்பதுதான் காரணம் என்று யூனிட்டில் பேசிக்கொள்வார்கள்.

மேஜை அகலத்துக்கு ஒரு ரிஜிஸ்டர், காதில் செருகிய பேனா, கணுக்கால் தெரியும் காக்கி பேன்ட். பெயர், எங்கிருந்து, யாரைப் பார்க்க, எதற்கு, வந்த நேரம், போன நேரம், கையெழுத்து என்று ஏழு கட்டம். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அன்று அவருக்குச் சோறு இறங்காது. தினமும் வந்து போகிற எங்களுக்கும் விதிவிலக்கு கிடையாது. ஒரு நாள் அவசரத்தில் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை உள்ளே விட மறுத்தார். "நேத்து வந்தவங்க இன்னும் உள்ளதான் கீறீங்கோ ரைட்டரம்மா. அவங்கள மொதல்ல வெளிய வரச் சொல்லுங்கோ, அப்பால நீங்க போங்கோ."

சேனலிலிருந்து ஒரு பெரிய அதிகாரி அம்மா வந்தார். 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் 'அனைவரையும்' என்று எழுதினார். இன்வேர்டு பேனாவை மறுபடியும் அவர் பக்கம் நீட்டினார். "ஒரு பேரு போடுங்கோ மேடம். எல்லாரையும் யாராலயும் பாக்க முடியாது." அந்த அம்மா டைரக்டர் பெயரை எழுதினார். டைரக்டரைக் கேட்டு வர வேண்டுமே? டைரக்டரோ ஷாட்டில் இருந்தார். எங்கள் யூனிட்டில் ஷாட் நேரத்தில் எல்லோருடைய போனும் ஒரு பிரம்புக் கூடைக்குள் போய்விடும். ஆகவே சேனலையே ஆட்டிவைக்கும் அந்த அம்மா வேப்பமரத்து அடியில் இருபது நிமிடம் நின்றார். உள்ளே வந்ததும் டைரக்டரிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை, "அந்த ஆளை..." டைரக்டருக்கு வியர்த்துவிட்டது. "அந்த ஆளைத் தொடரில் போடுங்கள்" என்று முடித்தார்.

அப்படித்தான் கேட்டில் இருந்தவர் தொடருக்குள் தபால் பிரிவு கிளார்க் ஆனார். ஷாட் இல்லாத நேரமெல்லாம் கேட்டில்தான் இருந்தார். உள்ளே வரும் தபாலைப் பதிகிற வேலை என்பதால் பாத்திரத்துக்கு 'இன்வேர்டு' என்று நான்தான் பெயர் வைத்தேன். சொந்தப் பெயரை அதன் பிறகு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

முதல் காட்சியில் கதாநாயகன் புதிதாக வேலைக்குச் சேர வருகிறான். இன்வேர்டு "வாங்க தம்பி" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வசனம். கேமரா ஓடியது. இன்வேர்டு அவனை மேலும் கீழும் பார்த்து, "எங்கேர்ந்து வர்ற?" என்றார். அந்தக் குரலில் என்ன இருந்ததோ, பதினைந்து தொடரில் நடித்த ஹீரோ வசனத்தை மறந்து, தன் சொந்த வீட்டு விலாசத்தைப் பின்கோடு வரைக்கும் ஒப்பித்துவிட்டான். அதை அப்படியே ஒளிபரப்பினோம். தெருவெல்லாம் சிரித்தது.

அதே காட்சிக்கு வேறு கோணத்தில் ஏழு டேக் போனது. ஏழாவது முடிந்ததும் இன்வேர்டு டைரக்டரிடம் ரிஜிஸ்டரை நீட்டினார். "இந்தத் தம்பி ஏழு தபா உள்ள வந்துகீது சார். ஒரு தபா கூட வெளிய போவல. கணக்குப்படி இப்போ ஏழு தம்பி உள்ள கீது." டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டு ஹீரோவை ஆறு முறை வெளியே அனுப்பினார், கையெழுத்தோடு.

இன்னொரு சமயம், மேனேஜராக நடித்தவரை நீக்கச் சொல்லிச் சேனல் உத்தரவிட்டது. மேனேஜர் ராஜினாமா செய்துவிட்டதாக எழுதினேன். அந்த நடிகர் மனசு ஒடிந்து, பின்பக்கமாக, கையெழுத்துப் போடாமல் போய்விட்டார். அடுத்த வாரம் புது மேனேஜராக ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு வந்து நின்றார். கேமரா ஓடுகிறது. இன்வேர்டு எழுந்திருக்கவே இல்லை. "பழைய சார் இன்னும் உள்ள கீறாரு. அவரு வெளிய வந்தாத்தான் ஒனக்கு சீட்டு." எத்தனை டேக் எடுத்தாலும் இதே பதில். கடைசியில், ராஜினாமா கடிதம் கொடுத்த மேனேஜர் கோபம் தீராமல் ஆபீஸுக்குள்ளேயே ஒளிந்திருப்பதாகக் கதையை மாற்றினேன். தொடரிலேயே அதிகம் பேர் பார்த்த வாரம் அது. அந்த நடிகர் இன்றைக்கும் கேட்டைத் தாண்டும்போது இன்வேர்டின் மேஜையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

என் மகள் வர்ஷா பத்தாம் வகுப்பு. அன்று அவளுக்கு மதியத்தோடு தேர்வு முடிந்துவிட்டது. ஆவடியில் எங்கள் ஃப்ளாட்டில் நாலு மணி நேரம் தனியாக இருக்க வேண்டும். பதினைந்து வயதுப் பெண் தாராளமாக இருப்பாள். என்னால்தான் இருக்க முடியாது. தெருமுனைக் கடைக்கு அவள் போனால்கூட பால்கனியில் நின்று தலை மறையும்வரை பார்க்கிற ஜென்மம் நான். ஆகவே பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ஆட்டோ பிடித்து ஷெட்டுக்கே வரச் சொன்னேன். 'எதற்கு' என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று இன்வேர்டு கேட்டிருக்கிறார். அவள் சொன்னதை அவர் அப்படியே எழுதியிருந்தார்: 'அம்மாவுக்குப் பயம்.' வந்த நேரம் 2.10.

சாப்பிட்டாள். போனைக் கூடையில் போட்டாள். படிக்கப் போகிறேன் என்று புத்தகத்தோடு எழுந்து போனாள். நான் ஒரு சண்டைக் காட்சிக்கு வசனம் திருத்திக்கொண்டிருந்தேன். தலை நிமிர்ந்தபோது அவள் எங்கேயும் இல்லை. மேக்கப் அறை, பாத்ரூம், மரத்தடி, எங்கேயும் இல்லை. பழக்கதோஷத்தில் அவள் எண்ணுக்கு அழைத்தேன். கூடைக்குள்ளிருந்து அவள் போன் அதிர்ந்தது. 

கேட்டுக்கு ஓடினேன். இன்வேர்டு ரிஜிஸ்டரில் விரலை ஓட்டினார்.

"பாப்பா உள்ளதான் கீது."

"உள்ளே பார்த்துவிட்டேன், இல்லை அண்ணே."

"அவுட் இல்லம்மா. உள்ளதான் கீது."

நீங்கள் எழுந்து போன நேரத்தில் போயிருப்பாள் என்றேன். தான் எழுந்து போகவில்லை என்றார். சுவர் ஏறிக் குதித்திருப்பாளா, யாராவது கூட்டிப்போயிருப்பார்களா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் அதே குரலில் அதே பதில். எனக்கு என்ன வந்ததோ, அந்த ரிஜிஸ்டரைப் பிடுங்கித் தரையில் எறிந்தேன். "இதில் எழுதினால் என் பெண் உள்ளே இருந்துவிடுவாளா?" என்று கத்தினேன். அவர் குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டி, மேஜையில் வைத்தார். 

அதற்குள் யூனிட் முழுக்கத் தெரிந்துவிட்டது. டைரக்டர் ஷூட்டிங்கை நிறுத்தினார். பாதிப் பேர் அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு, பாதிப் பேர் எஸ்டேட் பஸ் ஸ்டாண்டுக்கு என்று பைக்கை முறுக்கினார்கள். ஆவடியிலிருந்து என் கணவர் கிளம்பினார். போலீஸுக்கும் சொல்லியாயிற்று. இந்த நிலைமையில் இன்வேர்டு கேட்டை இழுத்து மூடி, குறுக்கே நின்றார். எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டுமாம்.

டைரக்டர் பல்லைக் கடித்தார். "யோவ், புள்ளையைக் காணோம்யா. இப்பப் போய் கையெழுத்தா?"

"இப்பதான் சார் வேணும்" என்றார் இன்வேர்டு. "நீங்கல்லாம் வெளிய போய்ட்டீங்கன்னு தெரிஞ்சாத்தான உள்ள மிச்சம் யாருன்னு தெரியும்?"

திட்டிக்கொண்டே நாற்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பைக்குகள் போயின. நான் கேட்டருகே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கடைசி ஆள் போனதும் இன்வேர்டு உள்ளே போய் ஜெனரேட்டரை நிறுத்தினார். அந்த ஷெட் அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. சாவிக்கொத்தோடு திரும்பி வந்து, "எழுந்து வா தாயி" என்றார். தாயி என்று அவர் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

சுவரோரமாக நடந்தார். ஒரு கதவு வந்தால் பூட்டைத் தொட்டு, கொத்தில் ஒரு சாவியை ஒதுக்கினார். திறந்து பார்த்தார், மூடினார், அடுத்ததுக்குப் போனார். பின்னாலேயே நான். முழுச்சுற்று வந்து புறப்பட்ட இடத்திலேயே நின்றோம். அவர் கையில் ஒரு சாவி மிச்சம் இருந்தது.

"எட்டு சாவி கீது. ஏழு கதவுதான் வந்துச்சு" என்றார். "ஸ்டோர் ரூமு எங்க?"

பழைய தொழிற்சாலையின் ஸ்டோர் ரூம் பின்சுவரில், பூட்டாமல் சும்மா சாத்தி இருக்கும். மதியம் வரைக்கும் இருந்தது. இப்போது அந்த இடத்தில் எங்கள் தொடரின் கேன்டீன் சுவர் நின்றது. அதில் 'இன்றைய ஸ்பெஷல் தக்காளி சாதம்' என்று நானே எழுதிக் கொடுத்த பலகை மாட்டியிருந்தது. நாலு மணி டீ இடைவேளையில் மேனேஜர் ரூமைக் கேன்டீனாக மாற்றிய, செட் போடும் ஆர்ட் ஆட்கள், பிளைவுட் சுவரைப் பின்னுக்குத் தள்ளி, ஸ்டோர் ரூம் வாசலை மறைத்து ஆணி அடித்திருக்கிறார்கள். உள்ளே ஒரு பெண் பழைய சோபாவில் சரிந்து, புத்தகத்தை முகத்தில் மூடித் தூங்கிக்கொண்டிருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எனக்கு அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. நாலரை மணி ஷாட்டில் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் காதில் ஹெட்போனோடு கையைத் தூக்கினார். பக்கத்து ஷெட்டில் பிரஸ் மெஷின் ஓடுகிறது, டொம் டொம் என்று விழுகிறது, நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். ஒரு உதவி இயக்குநர் போய் வந்து "சொல்லிட்டேன் சார், நிறுத்திட்டாங்க" என்றார். உண்மையிலேயே சத்தம் நின்றிருந்தது. ஷாட் ஓகே ஆனது. நானும் கைதட்டினேன். பக்கத்து ஷெட்டுக்கு அன்று வார விடுமுறை, கேட்டில் பூட்டுத் தொங்கியது, அந்த உதவி இயக்குநர் பாதியிலேயே திரும்பிவிட்டார் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

என் மகள்தான் பிளைவுட்டைக் குத்தியிருக்கிறாள். கை ஓய்ந்துபோய் நிறுத்தியிருக்கிறாள். நாங்கள் அதை ஓகே செய்திருக்கிறோம்.

இன்வேர்டு கேன்டீன் சுவரில் காதை வைத்தார். "பாப்பா" என்றார்.

 உள்ளேயிருந்து மெல்லிசாக, "யாரு?" என்று கேட்டது.

செட்டில் ஒரு குண்டூசியைக்கூடத் தொடாத மனிதர் அவர். அடுத்தவன் பொருள் என்பார். அன்றைக்குக் கேன்டீனை உதைத்தார். தக்காளி சாதப் பலகை கீழே விழுந்தது. மூன்றாவது உதையில் பிளைவுட் பிளந்தது. அந்தப் பிளவு வழியாக முகமெல்லாம் தூசியும் கண்ணீருமாக என் பெண் வெளியே வந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு நான் என்னென்னவோ உளறினேன். அவள் சொன்னது ஒன்றுதான். "கதவைத் திறந்தேன்மா. வெளியில சுவர் இருந்துச்சு."

இன்வேர்டு தண்ணீர் கொண்டுவந்தார். குடித்து முடிக்கும்வரை நின்றார். பிறகு டைரக்டருக்குப் போன் போட்டுத் தகவல் சொல்லிவிட்டு, உடைந்த பலகைகளைப் பொறுக்கி அடுக்கப் போய்விட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன், கேட்கவில்லை. அந்தக் கலவரத்தில் கொஞ்சமும் அசையாத ஒரே ஆள் அவர்தான். அந்த நிதானம் மட்டும் இல்லாவிட்டால் நான் அந்த பெஞ்சிலேயே செத்திருப்பேன்.

ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். என் கணவர் வந்து மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். போலீஸ்காரர்கள் வந்து, விசாரித்து, டீ குடித்துவிட்டுப் போனார்கள். எல்லாம் அடங்கிய பிறகு ஷேர் ஆட்டோவிலிருந்து நடுத்தர வயது அம்மா ஒருவர் இறங்கினார். தலை கலைந்திருந்தது. ஒரு கையில் எலுமிச்சம்பழம், ஒரு கையில் காகிதத்தில் மடித்த குங்குமம். நேராக என்னிடம் வந்தார்.

"நீதான் ரைட்டரம்மாவா? நான் கேட்டுல கீறாரே, அவரு சம்சாரம்."

மகள் கிடைத்துவிட்டாள் என்றேன். அந்த அம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"மூணு தபா போன் பண்ணிட்டாரும்மா. வேலைக்குப் போன எடத்துலேர்ந்து இந்த மன்சன் எனக்கு ஒரு நாளும் போன் பண்ணது இல்ல. 'புள்ளயக் காணம், எனக்குக் காலு நிக்கல, அந்தம்மா எதிர்ல காட்டிக்கவும் முடியல, நீ கோயிலுக்குப் போயி வெளக்கு ஏத்து'ன்னு அழுதுகினே சொன்னாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "பாப்பா எங்க கீது? ஒரு தபா கண்ணால பாத்துட்டுப் போயிடறேன்."