பதகளியரின் பன்னிரண்டு தகடுகள்

உலகத்துக் கடல்களில் எங்காவது ஒரு முழம் தண்ணீர் குறைந்தாலும், அதற்குத் தானே விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டிவரும் என்று நம்பிய ஒரே மனிதர் பதகளியர்தான். அவருடைய சொந்தப் பெயர் ஊர்காவற்றுறையில் யாருக்கும் தெரியாது. எங்கள் பக்கத்தில் படபடப்பைப் பதகளிப்பு என்போம். துறையடியில் வந்து இறங்கிய அன்றே, நிறுத்தி வைத்திருந்த வான் வண்டியைக் காட்டி, "இது உருண்டு கடலுக்குள்ளை போகாதோ?" என்று மூன்று பேரிடம் கேட்டார். மூன்றாவது ஆள் வைத்த பெயர் அது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மன்னாரில் உப்பு அள்ளினேன், வவுனியாவில் லொறி கழுவினேன், நீர்கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக் கை அவிந்தது. அந்தக் கை ஆறுவதற்குள் ஊர்காவற்றுறைக்கு வந்து சேர்ந்தேன். அங்கே பதகளியர் ஒரு காவலாள் தேடிக்கொண்டிருந்தார். காவல் காக்க வேண்டியது பன்னிரண்டு இரும்புத் தகடுகளை.

விசயம் இதுதான். பென்சிலுக்குள் இருக்கிற கரியை, அதைவிட மெல்லியதாக உரிக்க முடியாது என்ற அளவுக்கு உரித்தால் வருவது கிராஃபீன். ஆய்வுகூடத்தில் அது பெரிய கெட்டிக்காரன். தொழிற்சாலைக்குப் போனாலும் அப்படியே இருக்குமா என்று பார்க்கப் பல நாடுகள் சேர்ந்திருந்தன. ஒரு நாட்டில் உரித்தார்கள், இன்னொரு நாட்டில் பெயின்றில் கலந்தார்கள், வேறொரு நாட்டில் குளிர்ந்த கடலில் போட்டுப் பார்த்தார்கள். சூடான, ஆழமில்லாத கடல் எங்களுடையது. நாலு தகட்டில் கிராஃபீன் கலந்த பெயின்ற், நாலில் சாதாரணப் பெயின்ற், நாலு வெறும் இரும்பு. பெயின்ற் இரண்டும் ஒரே கறுப்பு; எந்தத் தகட்டில் எது என்று பதகளியருக்கும் சொல்லவில்லை. ஆறு மாதம் தொடாமல் விட்டு, எவ்வளவு துரு, எவ்வளவு சிப்பி, எவ்வளவு பாசி என்று அளக்க வேண்டும்.

தொடாமல் விடுவதுதான் அவருக்கு முடியாத காரியம்.

"தம்பி, தகட்டுக்கு நேரை நிண்டு தும்மாதையும்."

"தண்ணிக்குக் கீழையெல்லோ அண்ணை கிடக்கு."

"தும்மல் எங்கை போகும் எண்டு உமக்குத் தெரியுமோ?"

ஒருநாள் காற்று எழும்பியது. தகடுகள் தொங்கிய சட்டத்தை மூன்று கயிறு போட்டுக் கட்டியும் மனம் ஆறாமல், நாலாவது கயிற்றைக் கைக்கு எட்டின கம்பியில் கட்டினார். அது அனலைதீவுக்குப் போகிற படகின் கம்பி. படகு வெளிக்கிட்டபோது சட்டமும் வெளிக்கிட்டது. படகில் சவர்க்காரப் பெட்டியோடு இருந்த ஒரு அக்கா, "என்ன மாஸ்டர், உங்கடை கட்டிலையும் ஏத்துறியளோ?" என்று கேட்டார். கயிற்றை நான் வெட்டினேன். பதகளியர் அன்று முழுக்க மற்ற மூன்று முடிச்சையும் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாரத்துக்கு ஒருமுறை கணினியில் கூட்டம். பல நாட்டு முகங்கள் சின்னச் சின்னப் பெட்டிக்குள் வரும். இந்தக் கிழமை உங்கள் பக்கத்துக் கடல் கொஞ்சம் சூடாக இருக்கிறதே என்று யாரோ கேட்டார்கள். பதகளியர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார்.

சிரிக்கலாம். ஆனால் அவர் முப்பது வருடம் ஒரு பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவியவர். அவரிடம் ஒருவர் கருத்துக் கேட்ட முதல் வேலை இது. அரையாண்டு அளவு பிழையாகப் போனால் இந்த இடத்தைக் கைவிட்டு வேறு நாட்டுத் துறைமுகத்துக்குப் போவோம் என்று மேலிடம் எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

அளக்கிற நாளுக்கு முதல்நாள், மாதா கோயில் கொடியேற்றத்துக்காக ஊர் கூடித் துப்புரவாக்குகிற சிரமதானம். மாதாவின் சிலையை, எங்கள் பேச்சில் சுருவத்தை, வள்ளத்தில் சுற்றிக் கொண்டுவருவார்கள் என்பதால், அந்தத் துறையில் உப்புத் தண்ணீர் பட்ட எல்லாவற்றையும் சுரண்டிக் கழுவி வைப்பது வழக்கம். காவலில் நான் இருக்கவில்லை. கோயிலில் சோறு கொடுத்தார்கள். சோறு சும்மா கிடைக்கிற இடத்தை விட்டு நான் கடமை பார்த்ததில்லை.

வயிறு நிறைந்து திரும்பியபோது பன்னிரண்டு தகடும் கரையில் பளபளவென்று வெயில் காய்ந்தன. பக்கத்தில் மீன்பிடிகாரர் மரியதாஸ் அண்ணை சுரண்டுகிற கத்தியோடு, பெருமையாக நின்றார்.

"நாளைக்குக் கொழும்பிலை இருந்து பெரிய ஆக்கள் வருகினமெல்லோ. உங்கடை சாமான் ஊத்தையாக் கிடந்தால் எங்களுக்கெல்லோ வெக்கம்."

எனக்குப் பின்னால் வந்த பதகளியர் தரையில் குந்திவிட்டார். விசயம் விளங்கியதும் மரியதாஸ் அண்ணையின் முகமும் கறுத்தது. "சிப்பியெல்லாம் அங்கை குவிஞ்சுதான் கிடக்கு. படகுக்குப் பூசுற பிசின் இருக்கு. திருப்பி ஒட்டித் தாறன்" என்றார்.

நான் எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன். "கடல் அடிச்சுக்கொண்டு போட்டுது எண்டு சொல்லுவம் அண்ணை."

"நான் பொய் எழுதினால் பெயின்ற் கலக்கிறவன் அதை நம்பிக் கலப்பான். அதை நம்பிக் கப்பலுக்குப் பூசுவாங்கள். ஏலாது தம்பி."

மறுநாள் கொழும்பிலிருந்து பொறுப்பாளர் அம்மா வந்தார். காகத்துக்கும் பயந்த மனிதர் அவர் முன்னால் குரல் நடுங்காமல் சொன்னார். "அளக்க ஒண்டும் இல்லை. சுரண்டியாச்சு. பெருநாளுக்கு இஞ்சை சுரண்டுவினம் எண்டு நான் விசாரிச்சிருக்க வேணும். பிழை என்ரை."

அம்மா குனிந்து ஒவ்வொரு தகடாகத் தடவிப் பார்த்தார். மரியதாஸ் அண்ணை குறுக்கே வந்தார்.

"லேசான வேலை எண்டு நினைக்காதையுங்கோ. சிலதிலை சிப்பி கையாலை தள்ள விழுந்துது. மற்றதெல்லாம் என்ரை கத்தியை மழுக்கிப் போட்டுது."

"எதிலை விழுந்தது? காட்டுவீங்களா?"

அவர் ஐந்து தகட்டைத் தொட்டுக் காட்டினார். அம்மா பின்பக்க இலக்கங்களைத் தன் பட்டியலோடு ஒப்பிட்டார். நாலு கிராஃபீன். ஒன்று சாதாரணம்.

"இதை அளவு எண்டு எழுத ஏலாது. ஆனால் சிப்பி எவ்வளவு ஒட்டுது எண்டுதான் பார்த்தோம், எவ்வளவு இறுக்கமா ஒட்டுது எண்டு இந்தத் திட்டத்திலை யாரும் கேக்கேல்லை" என்றார். கொஞ்சம் தள்ளிப் போய்த் தொலைபேசியில் பல நாட்டோடும் பேசிவிட்டு வந்தார். இடம் கைமாறாது. புதுத் தகடுகள், முதல் நாளிலிருந்து. ஆறு மாதம் முடிந்ததும் மரியதாஸ் அண்ணையே சுரண்டுவார், விசையளக்கும் கருவியோடு.

போகும்போது அம்மா கொப்பியைத் திறந்தார். "காவல்காரர் எங்கே இருந்தார்? இதை நான் பதியவேணும்."

அடுத்த ஊரின் பெயரை யோசிக்கத் தொடங்கினேன்.

"நான்தான் அவரைச் சாப்பிட அனுப்பினனான்" என்றார் பதகளியர்.

வான் போனபிறகு கேட்டேன். "நீங்கள் அனுப்பேல்லையே அண்ணை."

"அது கப்பலுக்குப் பூசுற விசயமில்லை. வடிவாச் சாப்பிட்டனீரோ?"

"நேற்றோ? ஓம் அண்ணை, வயிறு முட்ட."

"இண்டைக்கு?"

"கோயில் சோறு நேற்றோடை முடிஞ்சுது அண்ணை." அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சந்திச் சாப்பாட்டுக் கடைப்பக்கம், வெயிலில், ஏறக்குறைய ஓட்டமாகப் போனார்.