நாலு துளையும் ஒரு மச்சினனும்

டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு, பட்டறைக்காரர் மெஷினுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். எங்கேயாவது ஒரு பெயர், ஒரு முத்திரை, ஓர் எழுத்தாவது கண்ணில் படாதா என்று தேடினார். ஒன்றும் இல்லை. மெஷினின் முகப்பில், பெயர்த் தகடு இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் நாலு திருகுத் துளைகள் இருந்தன.

அவர் அடியில் கிடந்தபடியே ஏதோ கத்தினார்.

"டார்ச்சை வெளிய எடுத்துட்டுப் பேசுங்க," என்றாள் மனைவி.

"தகட்டைக் கழட்டியிருக்கான்னு சொன்னேன். உன் தம்பி!"

தெருவில் அவருக்கு டார்ச் என்றே பெயர். டீ வந்தால் டம்ளருக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். கல்யாணத்தன்று மணப்பெண்ணின் முகத்திலேயே அடித்துப் பார்த்தார் என்று சொல்வதெல்லாம் அபாண்டம். அன்றைக்குக் கரண்ட் போய்விட்டது, அவ்வளவுதான்.

இரும்பில் பள்ளம் வெட்டுகிற இந்த மில்லிங் மெஷின் வந்ததே ஒரு சந்தேகத்தால்தான். மச்சினன் பழைய இயந்திரங்களை வாங்கி, உடைத்து, இரும்பாக விற்கிறவன். அவனுடைய கொட்டகை மூலையில் இது துருப்பிடித்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு இவர் கேட்டார்.

"வேணாம் மாமா, ரொம்பப் பழசு. உடைக்கத்தான் வெச்சிருக்கேன்," என்றான் அவன்.

வேணாம் என்றதுமே இவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. சொந்த மாமாவுக்கே கொடுக்க மாட்டேன் என்கிறான் என்றால் இதில் ஏதோ இருக்கிறது! ஒற்றைக் காலில் நின்று வாங்கிவிட்டார். மெஷின் பட்டறைக்கு வந்து இறங்கிய அன்றைக்கே, 'வேணாம் வேணாம் என்றவன் கடைசியில் கொடுத்துவிட்டானே' என்று அடுத்த சந்தேகம் வந்தது.

வெறும் சந்தேகமாக இருந்தால் பரவாயில்லை. பம்ப் தயாரிக்கிற ஒருவர் சில ஷாஃப்ட் தண்டுகளைக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் நாலு மில்லிமீட்டர் ஆழத்துக்கு நீளப் பள்ளமாகக் காடி வெட்டச் சொல்லியிருந்தார். சரியாக வந்தால் இனி அவருடைய மில்லிங் வேலை முழுவதும் இந்தப் பட்டறைக்கு. சொதப்பினால் எதிர்ப் பட்டறைக்கு. கையில் இருந்த ஒரே லேத்தும் ஒரு மாதமாகச் சும்மா நின்றுகொண்டிருந்தது. இந்த வேலையும் போனால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்குமே தெரியும்.

மனிதர்களை நம்பாதவர், டயலை நம்பினார். கைச்சக்கரத்தைச் சுற்றி, டயலில் ஒரு கோடு மில்லியில் நூறில் ஒரு பங்கு என்று கோடு கோடாக எண்ணி, நாலு மில்லிக்குக் கட்டரை இறக்கினார். எடுத்து வெர்னியர் அளவியால் அளந்து பார்த்தால் பத்து மில்லி.

"வெர்னியர் சரியில்லை," என்றார்.

பக்கத்துக் கடையிலிருந்து வேறு வெர்னியர் வந்தது. அதுவும் பத்து என்றது. அந்த வெர்னியரையும் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த ஷாஃப்டில் இரண்டு மில்லிக்கு மட்டும் இறக்கினார். ஐந்து வந்தது.

"ரெண்டு தடவையும் ரெண்டரை மடங்குங்க," என்றாள் மனைவி. கணக்கில் அவள் கெட்டி.

"அதான் சொல்றேன். திட்டம் போட்டுப் பண்ணியிருக்கான். உள்ளே ஸ்குரூவை மாத்திட்டு, மாத்தினது தெரியக் கூடாதுன்னு தகட்டைக் கழட்டிட்டான். எந்தக் கம்பெனி மேக்குன்னு தெரிஞ்சாத்தானே நான் விசாரிக்க முடியும்?"

அவர் சந்தேகமெல்லாம் ஆள் மேல்தான். டயல் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

உடனே மச்சினனுக்குப் போன் போட்டார்.

"மாப்ள, தகடு எங்கே?"

"எந்தத் தகடு மாமா?"

"மெஷின் தகடு. மேக்கெல்லாம் போட்டிருக்குமே, அது."

"அட, அதா! அது உங்ககிட்டதானே மாமா இருக்கு?"

"டேய்! என்னையே திருடன்ங்கறியா?"

"ஐயோ, நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

பட்டென்று போனை அணைத்து, டூல் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார்.

"என்ன சொன்னான்?"

"தகடு என்கிட்டதான் இருக்காம். எவ்வளவு நக்கல் பாத்தியா?"

"முழுசாக் கேட்டீங்களா?"

"முழுசாக் கேட்டா முழுசா ஏமாத்துவான்."

"சரி, நான் கேக்கறேன்."

"நீ கேட்டா, அக்காவும் தம்பியும் ஒண்ணு சேர்ந்துக்குவீங்க."

அவள் முகம் சுண்டிப்போனது. துளையிடும் மெஷினில் அவருக்குச் சமமாக நின்று வேலை பார்க்கிறவள். கையிலிருந்த எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தாள்.

"அப்ப நானும் கூட்டுக் களவாணி. நல்லது. இனிமே உங்க மெஷின் விஷயத்துல நான் வாயைத் திறந்தா ஏன்னு கேளுங்க."

அவருக்கும் சுருக்கென்றது. ஆனால் வீம்பு விடவில்லை. தகடு போனால் என்ன, வார்ப்பிலேயே பெயர் இருக்கும், பெயிண்ட் மூடியிருக்கும் என்று சுரண்ட ஆரம்பித்தார். பச்சைக்கு அடியில் சாம்பல், சாம்பலுக்கு அடியில் நீலம். நீலத்துக்கு அடியில் ஏதோ புடைப்பாகத் தட்டுப்பட்டது. ஆவலாகத் தேய்த்துப் பார்த்தால் காய்ந்துபோன பெயிண்ட் கட்டி. கரைப்பானை ஊற்றித்தான் பார்ப்போமே என்று ஒரு டப்பாவைக் கவிழ்த்தார். அது பெயிண்டை விட்டுவிட்டு பெல்ட்டைத் தின்றது. மெஷின் வழுக்கி வழுக்கி ஓட ஆரம்பித்தது.

மறுநாள் காலையில் அவருக்கு மனம் தெம்பாக இருந்த ஒரே இடம் பட்டறை வாசல்தான். அங்கே தூணில், அவர் பெயரும் அதன் கீழே 'உரிமையாளர்' என்ற சொல்லும் வெட்டிய பித்தளைப் பலகை இருந்தது. பழைய பித்தளைதான், ஆனாலும் தினமும் சட்டைக் கையால் தேய்த்துத் தேய்த்துத் தங்கமாக்கி வைத்திருந்தார். அதிலும் 'உரிமையாளர்' ஒரு பக்கம் சாய்ந்திருப்பதாக நெடுநாள் சந்தேகம். எழுத்து வெட்டுகிறவரை இன்றைக்கு வரச் சொல்லியிருந்தார்.

ஆனால் தெருமுனையில் முதலில் தெரிந்தது பம்ப்புக்காரருடைய தலை.

'சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வர்றாரே, வேவு பார்க்கவா?' என்று உள்ளே ஓடினார். பெல்ட் பிடிக்கிறதா என்று பார்க்க ஓடவிட்டிருந்த மெஷினை அணைக்கத் தோன்றவில்லை. ஒரு படுதாவை எடுத்து அப்படியே மேலே போர்த்தினார்.

"எதுக்குங்க மூடறீங்க?" என்றார் பம்ப்புக்காரர்.

"நீங்க எதுக்குங்க பாக்கறீங்க?"

அதற்குள் கட்டர் படுதாவைப் பிடித்துவிட்டது. பாயைச் சுருட்டுவதுபோல் ஒரே சுருட்டு. எண்ணெய் டப்பா பறந்தது, டேபிளில் இருந்த ஷாஃப்ட் வளைந்தது, பெல்ட் அறுந்து லேத்தின் மேல் போய் விழுந்தது. சுவிட்சை அணைத்தவள் மனைவிதான். அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை.

பம்ப்புக்காரர் ஒரு ஷாஃப்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"காடிதானே வெட்டச் சொன்னேன்? கிணறு வெட்டியிருக்கீங்க!"

"என் தப்பில்லைங்க. என் மச்சினன் மெஷினுக்குள்ள கோளாறு பண்ணி, அதை மறைக்கத் தகட்டைத் திருடி..."

"மச்சினனோ மாமனாரோ, அது உங்க வீட்டு விவகாரம். மிச்சத்தைக் கொடுங்க, எதிர்ப் பட்டறையில கொடுத்துக்கறேன்."

மிச்ச ஷாஃப்டுகளை அவர் பையில் போடப் போட, பட்டறைக்காரர் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நின்றார். திரும்பினால் மனைவி கையிலும் ஒரு பை.

"நீ எங்கே?"

"தம்பி வீட்டுக்கு. ஒண்ணு சேர்ந்துக்கப் போறேன்."

வேலையும் போகிறது, வீடும் போகிறது. டார்ச்சை எடுத்தார். யார் மேல் வெளிச்சம் அடிப்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து, எழுத்து வெட்டுகிறவர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒரு கையில் திருப்புளி, இன்னொரு கையில் தூணிலிருந்து கழற்றிய பித்தளைப் பலகை. பின்பக்கத்தை வெளிச்சத்துக்குக் காட்டியபடி, நிதானமாகக் கேட்டார்.

"அண்ணே, புதுப் பித்தளை வாங்கினா கடைக்காரன் ஏமாத்திடுவான், பழசுலயே வெட்டுன்னு நீங்க சொன்னீங்கன்னு, உங்க மச்சினன் உடைக்க வெச்சிருந்த மெஷின்லருந்து கழட்டிக் கொடுத்த தகடு இது. பின்னாடி மேக்கு, மாடலு, 'டயலில் ஒரு கோடு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மில்லிமீட்டர் என்று ஏமாறாதீர்'னு இங்கிலீஷ்ல என்னென்னமோ இருக்கே, எதுக்கு வீணா, தேச்சு அழிச்சிடட்டுமா?"